சுருக்குக் கம்பி கட்டினாலே வேட்டைதானா? ‘நாமே செய்யும் வேட்டை’ பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது

மைசூரு போனவர்களுக்குத் தேவராஜ மொஹல்லா என்ற பெயர் தெரியாவிட்டாலும் இடம் தெரிந்திருக்கும். சாயாஜி ராவ் சாலை, தேவராஜ மார்க்கெட், குவித்து வைத்த குங்குமம், மல்லிகை, நஞ்சன்கூடு வாழைப்பழம். அரண்மனை பார்த்துவிட்டு ஊட்டிக்குக் கிளம்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஒரு சுற்று சுற்றும் இடம். அங்கிருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாகப் போனால் சுமார் 80 கிலோமீட்டரில் பந்திப்பூர் புலிகள் காப்பகம். இரவு 9 மணிக்குக் காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள்.

அந்தச் சாலையில் போகும் காரின் பின் சீட்டில் ஒரு பையன் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விமானம் ஒன்று இரண்டு பேரை ஆளே இல்லாத ஆற்றங்கரையில் இறக்கிவிட்டுப் போகிறது. கூடாரம், துப்பாக்கி, பத்து நாளுக்கான சாப்பாடு. வழிகாட்டி கிடையாது. கடைசியில் ஒரு மூஸ் மானைச் சுட்டு, தாங்களே வெட்டி, முதுகில் சுமந்து வருகிறார்கள். இதற்குத்தான் அமெரிக்காவில் ‘டூ இட் யுவர்செல்ஃப்’ வேட்டை என்று பெயர். “நம்ம ஊர்ல இப்படிப் போக முடியாதா?” என்று அவன் கேட்டால் பதில் ஒரே வார்த்தைதான்: முடியாது.

ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திவிட்டால் முக்கியமான விஷயம் விட்டுப்போகும். இந்தியாவில் வேட்டை என்று நீங்கள் நினைக்கவே நினைக்காத பல வேலைகளைச் சட்டம் வேட்டைக் கணக்கில்தான் எழுதுகிறது. விமானமும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். ஒரு முழம் கம்பி போதும்.

முதலில், அங்கே எதை ‘நாமே செய்வது’ என்கிறார்கள்?

அமெரிக்காவில் இது சட்டச் சொல் அல்ல, வேட்டைக்காரர்களின் பேச்சு வழக்கு. பணம் கொடுத்து வழிகாட்டியை அமர்த்தினால் அது ‘கைடட்’ வேட்டை. விலங்கு எங்கே இருக்கும் என்று தேடுவதில் தொடங்கி இறைச்சியைச் சுமந்து வருவது வரை தாங்களே செய்தால் ‘நாமே செய்தது’. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாம்பல் நிறப் பகுதியில்தான் சண்டை. விமானி இறக்கிவிட்டால் பரவாயில்லையா? “அந்த மேட்டுப் பக்கம் போங்க, போன வாரம் பார்த்தேன்” என்று அவர் சொல்லிவிட்டால்?

அலாஸ்கா மாநிலம் இதற்குக் கொஞ்சம் தெளிவாகவே கோடு போட்டிருக்கிறது. ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்குபவருக்கு ஒரு உரிமம், வழிகாட்டிக்கு வேறு உரிமம். ஏற்றி இறக்குபவர் வழிகாட்டி வேலை பார்க்கக் கூடாது. வேட்டைக்காகச் சின்ன விமானத்தில் பறந்த அன்றே பெரிய விலங்குகள் பெரும்பாலானவற்றைச் சுட முடியாது, மறுநாள் அதிகாலை 3 மணி வரை காத்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்து வைத்துக்கொண்டு இறங்கியதும் சுடுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. வெளிமாநில அமெரிக்கர்கள் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலை ஆடு மூன்றையும் வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினரோ கூடவே இருக்க வேண்டும்.

இன்னொரு தகவல்: அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டுக் குடிமக்கள் அலாஸ்காவில் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடவும் வழிகாட்டி கட்டாயம். இங்கிருந்து போகும் ஒருவருக்கு அந்த வீடியோவில் வரும் பயணம் அங்கேயும் கிடையாது.

ஆக, அங்கே கேள்வி ‘வேலையை யார் செய்தது’ என்பது. நம் சட்டத்தின் கேள்வி அது இல்லை. ஆனால் நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் அதே கேள்விதான் இருந்தது.

மைசூரில் ‘தனி வேட்டை’ எவ்வளவு தனி?

மைசூர் சமஸ்தானத்தில் வேட்டை இரண்டு விதமாக நடந்தது. ஒன்று, மகாராஜாவும் விருந்தாளிகளும் போகும் வேட்டை. பரண் கட்டி, யானைகளை நிறுத்தி, நூற்றுக்கணக்கான ஆட்கள் தப்பட்டை அடித்துக் காட்டைக் கலைத்து, விலங்கைத் துப்பாக்கி முனைக்கே ஓட்டி வருவார்கள். இன்று கபினி கரையில் சுற்றுலா விடுதியாக இருக்கும் காராப்பூர் மாளிகை அந்தக் காலத்து வேட்டை விடுதிதான். காகனகோட்டையில் யானைக் கூட்டங்களை வளைத்துப் பிடித்த ‘கெட்டா’ 1971 வரை நடந்தது. பந்திப்பூருக்கே தொடக்கம் மகாராஜாவின் வேட்டைக் காடுதான். 1931-ல் அதில் 90 சதுர கிலோமீட்டரை வேணுகோபால வனவிலங்குப் பூங்கா என்று ஒதுக்கினார்கள்.

இரண்டாவது வகை, பெர்மிட் வாங்கிக்கொண்டு தானாகப் போவது. காட்டை ‘ஷூட்டிங் பிளாக்’ என்று பிரித்து, இன்ன தேதியில் இன்ன பிளாக்கில் இன்னாருக்கு என்று எழுதித் தருவார்கள். இந்த வகையில் நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூருவில் வாழ்ந்தவர். மைசூர் காடுகளிலும், அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரி, சின்னாறு பகுதிகளிலும் ஆட்கொல்லிப் புலிகள், சிறுத்தைகளைத் தேடிப் போய்ப் புத்தகங்கள் எழுதியவர். பெரும்பாலும் நடந்தே போவார், ராஜ பரிவாரம் கிடையாது. இன்றைய பேச்சில் சொன்னால் அசல் ‘டூ இட் யுவர்செல்ஃப்’ ஆள்.

ஆனால் அவர் புத்தகங்களையே கவனமாகப் படியுங்கள். தடம் பார்ப்பது, வாசனையில் கண்டுபிடிப்பது, ஊர்க்காரர்களிடம் விசாரிப்பது எல்லாவற்றுக்கும் பைரா என்ற பழங்குடித் தோழர் உடன் வருகிறார். ஆண்டர்சன் அதை மறைக்கவில்லை, நன்றியோடுதான் எழுதுகிறார். ‘தனியாகக் காட்டில்’ என்று அவரைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும்போதுதான் பைரா காணாமல் போய்விடுகிறார். என்னைக் கேட்டால், இந்தியக் காட்டில் வெளியாள் ஒருவர் முழுக்கத் தனியாக வேட்டையாடிய கதைகளை எல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

சுட்ட பிறகு என்ன? அதற்கும் மைசூருதான். வான் இங்கன் அண்ட் வான் இங்கன் என்ற நிறுவனம் இந்தியா முழுவதிலுமிருந்து வந்த புலி, சிறுத்தைத் தோல்களைப் பாடம் செய்து அனுப்பியது. உலகத்தில் எந்த மாளிகைச் சுவரில் இந்தியப் புலித் தலை இருந்தாலும், அது மைசூரில் பாடம் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேட்டைக்குத் தடை வந்தபின் தொழில் மெல்லத் தேய்ந்து, 1999-ல் மூடப்பட்டது.

புலி வேட்டைக்குத் தடை 1970-ல் வந்தது. 1972-ல் நாட்டில் எண்ணிய புலிகள் 1,827. அதே ஆண்டில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் திட்டம். திட்டத்தின் முதல் 9 காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. பலர் தவறாக நினைப்பது இங்கேதான்: 1972 சட்டம் வேட்டையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. உரிமம் வாங்கிச் சில விலங்குகளைச் சுட அது இடம் வைத்திருந்தது. அந்த உரிம முறையை எடுத்தது 1991-ல் வந்த திருத்தம். உங்கள் தாத்தா எண்பதுகளில் லைசென்ஸோடு வேட்டைக்குப் போனேன் என்று சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம்.

இப்போது எதெல்லாம் வேட்டை?

சட்டத்தின் பிரிவு 2, உட்பிரிவு 16-ஐ ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். சாதாரணப் பேச்சில் வேட்டை என்றால் கொல்வது. சட்டத்தில் கொல்வது அந்தப் பட்டியலின் தொடக்கம் மட்டும்தான். விஷம் வைப்பது, பிடிப்பது, துரத்துவது, சுருக்குக் கம்பி கட்டுவது, பொறி வைப்பது, கலைத்து ஓட்டுவது, இரை வைத்து வரவழைப்பது எல்லாமே வேட்டை. காயப்படுத்துவதும், உடலின் ஒரு பகுதியை எடுப்பதும் வேட்டை. பறவை, ஊர்வன என்றால் முட்டையை உடைப்பதும், கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டை. கொல்வது, விஷம் வைப்பது தொடங்கி இரை வைப்பது வரை உள்ளவற்றில் முயற்சி மட்டுமே நடந்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கவனித்தீர்களா? தொலைதூரக் காடு என்று எங்கேயும் இல்லை. துப்பாக்கி என்று இல்லை. விலங்கு செத்ததா இல்லையா என்ற கேள்வியும் இல்லை.

அலாஸ்காக் கணக்கில் காடு கலைப்பவர் உதவியாள், பரண் கட்டுபவர் கூலியாள், சுட்டவர்தான் வேட்டைக்காரர். நம் சட்டத்தில் கலைத்தவரும் வேட்டையாடியவர்தான். “நான் சுடலை சார், டார்ச் மட்டும்தான் அடிச்சேன்” என்பவர் மீதும் உடந்தை என்று வழக்கு வரும்.

இன்னும் நம் பக்கத்து விஷயம், தோட்டம். நிலக்கடலையும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறீர்கள், காட்டுப்பன்றி தொல்லை தாங்கவில்லை. பைக் கிளட்ச் கேபிளை அவிழ்த்துச் சுருக்கு போட்டு வரப்பில் கட்டுகிறீர்கள். உங்கள் நிலம், உங்கள் பயிர், உங்கள் கம்பி. ஆனாலும் கட்டிய அந்த நிமிடமே அது சட்டப்படி வேட்டை. பன்றி பட்டியல் 2-ல் இருக்கிறது. கம்பிக்கு எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது. பன்றிக்குக் கட்டியதில் சிறுத்தையோ புலியோ மாட்டிச் செத்தால் அது பட்டியல் 1, தண்டனையின் கணக்கே மாறிவிடும். வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதும், பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் இதே கதைதான்.

2025 ஜூன் 26-ல் சாமராஜநகர் மாவட்டம் மாதேஸ்வரன் மலை சரணாலயத்தின் ஹூக்யம் வனச்சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் விஷம் கலந்திருந்தார்கள். மூவர் கைதானார்கள். 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த பகுதி இது, தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. விஷம் வைத்தவர்கள் தோலுக்கோ நகத்துக்கோ ஆசைப்பட்டு வந்த கும்பல் இல்லை. மாடு போன கோபம். அந்தக் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது. கறக்கிற மாடு ஒன்று போனால் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கே ஆடிவிடும், இழப்பீட்டுக்கு அலைவதும் லேசில்லை. ஆனால் சட்டத்தின் ஏட்டில் அது பழிவாங்கல் என்று தனியாக எழுதப்படுவதில்லை. வேட்டை என்றுதான் எழுதப்படுகிறது, அதுவும் சரணாலயத்துக்குள் நடந்த பட்டியல் 1 விலங்கு வேட்டை.

இனி தேவராஜ மொஹல்லாவுக்கே திரும்புவோம். காடே இல்லாத நகர நடுவில், கூண்டில் பச்சைக்கிளி வைத்திருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மைசூருவில் என்றில்லை, மதுரையிலோ மயிலாப்பூரிலோ உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அந்தக் கிளியை யாரோ ஒரு மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்திருக்கிறார்கள். எடுத்தது வேட்டை. பட்டியலில் உள்ள பறவை அது, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ‘எங்க வீட்டுல பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்’ என்பது வழக்கில் எடுபடாது.

மாட்டினால் என்ன ஆகும்?

2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு ஆறாக இருந்த பட்டியல்கள் நான்காயின. அவற்றில் விலங்குகளுக்கானவை முதல் இரண்டும். பட்டியல் 1-ல் உள்ள விலங்கு என்றாலோ, சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் வேட்டை என்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதைவிட முக்கியமானது பிரிவு 57. விலங்கின் உடல் பாகமோ இறைச்சியோ உங்களிடம் இருப்பதை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது சட்டவிரோதமாக வந்தது என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நடைப்பயணம் போன இடத்தில் உதிர்ந்து கிடந்த மான் கொம்பை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நீங்கள் வேட்டையாடவில்லைதான். ஆனால் கொம்பு அரசின் சொத்து. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதும் தனியாகவே குற்றம், ஒரு தோட்டாகூட வெளியேறியிருக்க வேண்டாம்.

வழக்கு எவ்வளவு நாள் இழுக்கும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் நடிகர் சல்மான் கானுடையது. ஜோத்பூர் அருகே கங்காணி கிராமத்தில் வெளிமான்கள் சுடப்பட்டது 1998 அக்டோபர். அவருக்கு 5 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது 2018 ஏப்ரல் 5. அதன்பின் ஜாமீன், மேல்முறையீடு.

அப்படியானால் யாருமே சுட முடியாதா?

முடியும், ஆனால் அது ‘நாமே செய்வது’ ஆகாது. பட்டியல் 1 விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானது என்றால், மாநிலத்தின் தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்தில் காரணம் சொல்லி உத்தரவிட வேண்டும். உயிரோடு பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறிடம் மாற்றவோ முடியாது என்ற நிலையில்தான் கொல்ல அனுமதி. 2021-ல் கூடலூர், மசினகுடி பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 புலி நினைவிருக்கும். வேட்டை உத்தரவு வந்தது, சென்னை உயர் நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம் என்றது, மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அந்தப் புலியைக் கொண்டுபோனது மைசூருக்கு, கூர்கள்ளியில் உள்ள சாமுண்டி மறுவாழ்வு மையத்துக்கு. ஒரு காலத்தில் புலித் தோல்கள் பாடம் செய்யப் போன அதே ஊர்.

உங்கள் மீதே பாய்ந்தால்? உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் அல்லது காயப்படுத்தினால் குற்றமில்லை என்று பிரிவு 11 சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்திருக்கக் கூடாது. திருட்டு வேட்டைக்குப் போன இடத்தில் கரடி துரத்தியது, அதனால் சுட்டேன் என்றால் செல்லாது.

காட்டுப்பன்றிக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு வழி. தமிழ்நாடு அரசின் 2025 ஜனவரி உத்தரவுப்படி காப்புக் காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை, விவசாயி இல்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக அனுமதி தருகிறார்கள், உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர் சுடலாம்.

காட்டிலேயே பிறந்தவர்களுக்கு?

நியாயமாக இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நாகரஹொளேயின் ஜேனு குருபர், பிளிகிரிரங்கன் மலையின் சோளிகர், நீலகிரியின் இருளர், இவர்களுக்குக் காடு தொலைதூரம் இல்லை, வீடு. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம்கூட இதில் இடம் தரவில்லை. தேன், கிழங்கு, மேய்ச்சல், மீன் என்று மரபு உரிமைகளை ஏற்கும் அதே பிரிவு, வேட்டையாடுவதையும் பொறி வைப்பதையும் மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. பைராவின் பேரன் இன்று ஒரு முயலுக்குக் கண்ணி வைத்தால் அவரும் குற்றவாளிதான்.

ஒரே ஒரு சிறு வாசல் பிரிவு 12. ஆய்வு, மருந்துக்கான பாம்பு விஷம் போன்ற காரணங்களுக்குத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். சென்னைக்கு அருகே 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடப்பது அப்படித்தான். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பு போன பிறகு அவர்களுக்குக் கிடைத்த வழி அது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடுவது வேலை. உள்ளூர் ஆட்கள் திணறிய இடத்தில் இவர்கள் தடம் பார்த்து, புதருக்குள் கைவிட்டு இழுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இங்கே, அனுமதிச் சீட்டோடு அவர்கள் வயல்வெளியில் நல்ல பாம்பையோ கண்ணாடி விரியனையோ பிடிப்பதும் பிரிவு 2-ன்படி வேட்டைதான். பிடித்ததைப் பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கைந்து முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, மறுபடி கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் எதற்கென்றால், அதே பாம்பு சீக்கிரமே திரும்ப மாட்டினால் பிடிக்காமல் விட்டுவிடத்தான்.